‘வியாபாரம்’ என்று எழுதிய என் மகனுக்கு

என் தங்கம் சின்னசாமிக்கு, அம்மா எழுதுவது.

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. டில்லியில், சரோஜினி நகர் கவர்மென்ட் குவார்ட்டர்ஸ் வாசலில், உன் மரத்தடியில், உன் இஸ்திரிப்பெட்டியை இப்போது நான்தான் பிடிக்கிறேன். இதுவரை உன்னை நினைத்தால் அழுகை வரும். இந்த வாரம் கோபம்தான் வருகிறது. செத்தவன்மேல் கோபப்படலாமா என்று கேட்காதே. வருகிறது.

உன் மகள் வள்ளி பள்ளிக்கூடம் முடித்துவிட்டாள். காலேஜில் இடமும் கிடைத்துவிட்டது. இல்லாதப்பட்ட பிள்ளைகளுக்கு அரசாங்கம் உதவித்தொகை தருகிறதாம். அது வந்தால்தான் அவளுக்குப் படிப்பு. ஃபாரம் முழுக்க இங்கிலீஷும் இந்தியும். என்னிடம் இருப்பது அஞ்சாங்கிளாஸ் தமிழ். அவளே நிரப்பினாள். பள்ளிக்கூடத்தில் சான்று வாங்கிப் போய் உதவித்தொகை ஆபீசில் நீட்டினோம்.

கிளார்க் படித்துவிட்டு நிமிர்ந்தான். தகப்பன் தொழில் வியாபாரம் என்று பள்ளிக்கூடமே எழுதியிருக்கிறதே, கடை எங்கே, இப்போது யார் நடத்துவது, அந்த வருமானத்தை ஏன் மறைக்கிறீர்கள் என்று இந்தியில் அடுக்கினான். கடையா? நாலு செங்கல், ஒரு பழைய மேசை. அதைச் சொல்லுடி என்றேன். வள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் நானே சொன்னேன்.

ஏன் சாமி அப்படி எழுதினாய்? அவளைப் பள்ளியில் சேர்த்த அன்று, இஸ்திரி என்று சொல்லத்தான் வாயெடுத்தாய். உன் முழங்கையை இடித்தவள் நான். ஆபீசர் பிள்ளைகளோடு உட்காரப் போகிறவள் என்று எனக்குக் கௌரவம். நான் இடித்தால் நீ எழுதிவிடுவதா? அந்த இருமலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போ என்றேனே, அதைக் கேட்டாயா?

நீ இஸ்திரிதான் போட்டாய், கடை எதுவும் கிடையாது என்று ஒரு பெரிய ஆபீசர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் சரி என்றான் கிளார்க். வெளியே வந்ததும் வள்ளி சொன்னாள்: “விட்டுடு ஆயா. நான் காலேஜுக்கே போகல.” கூடப் படித்தவர்கள் எல்லாம் இத்தனை வருஷம் அவளைக் கடைக்காரர் மகள் என்றே நினைத்திருக்கிறார்களாம். கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அந்தப் பொய்யை ஊட்டி வளர்த்தது யார்?

இரண்டாம் மாடி ஆபீசரிடம் போனேன். நம் ஊர்ப் பக்கத்து மனுஷர். பதினோரு வருஷம் அவர் சட்டையை நீ தேய்த்தாய்.

“எனக்கு எப்படிம்மா தெரியும்? அவன் பேருகூடத் தெரியாதே. வேற ஏதாவது வியாபாரம் இருந்துதோ என்னவோ.”

பேர் தெரியாதாம். கீழே வந்து அவர் வீட்டுத் துணி மூட்டையைத் தேய்க்காமலே கொண்டுபோய் வாசலில் வைத்தேன். “எங்க பேரு தெரியாதவங்க துணிய நாங்க தொடறதில்லீங்க.”

மறுநாள் காலை வீட்டம்மா ஆள் அனுப்பினாள். அவருக்கு ஆபீசுக்குப் போட்டுக்கொள்ளச் சட்டை இல்லை. வள்ளியையும் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனேன். அவர் பேனாவை எடுத்துக்கொண்டு, பேர் என்ன என்றார். நான் சொல்லவில்லை. வள்ளியைப் பார்த்தேன்.

“சின்னசாமி,” என்றாள். “எங்கப்பா. இஸ்திரி போட்டாரு.”

எழுதிக் கொடுத்தார். அப்புறம்தான் மூட்டையைத் தூக்கினேன்.

கோபம் இன்னும் ஆறவில்லை. அந்த ஆபீசர்மேல், கிளார்க்மேல், உன்மேல். என்மேல் எவ்வளவு என்று உனக்குத் தெரியும். நாளை ஆபீஸ் திறக்கும்போது வரிசையில் முதல் ஆளாக நிற்பேன். இந்த வருஷம் இல்லை என்றால் அடுத்த வருஷமும் நிற்பேன். வள்ளி காலேஜுக்குப் போவாள். இஸ்திரிக்காரன் மகளாகத்தான் போவாள். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன்னைப் பெற்றவள்,
வள்ளியின் ஆயா