உள்ளங்கைச் சூடு

வேலூர்
12.4.1999

அன்புள்ள அண்ணனுக்கு,

மதினியும் சுகிர்தாவும் சுகமா?

அப்பாவின் தலைத்திவசம் முடிந்த கையோடு, பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோவிலில் நீ செய்தது நியாயமா? சித்தி ஆஸ்பிரின் ஒழுங்காகக் கொடுக்காததால்தான் அப்பாவுக்கு இரண்டாவது மாரடைப்பு வந்தது என்றாய். கொடுத்தது நிஜமானால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைக்கட்டும் என்றாய். சூடு பட்டதும் கையை உதறினாள். யார் கையும் உதறும். சொந்தக்காரர்களுக்கு அதுவே தீர்ப்பு. பொங்கச்சோறு தின்ற வாயோடு அவளை ஆழ்வார்குறிச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டீர்கள்.

இங்கே ஆய்வுக்கூடத்தில் என் வேலையே ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களின் இரத்தத்தைப் பார்ப்பது. சிலருக்குத் தவறாமல் சாப்பிட்டும் மாத்திரை கேட்பதில்லை. இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் பிறவியிலேயே அப்படி, ஆஸ்பிரினுக்கு அடங்காமல் திரளும். குடும்பவழியாக வரலாம் என்கிறார்கள், முழுத் தெளிவு இன்னும் இல்லை. சென்ற வாரம் நானே மாத்திரை போட்டுக்கொண்டு என் இரத்தத்தைச் சோதித்தேன். மாத்திரையே போடாதவள் இரத்தம்போலத் திரண்டது.

அப்பாவின் இரத்தம் இனிக் கிடைக்காது. என்னுடையது இருக்கிறது. உன்னுடையதும்.

வந்து சோதித்துக்கொள். அதற்கு முன் சித்தியை வீட்டுக்கு அழைத்து வா.

அனுராதா

அம்பாசமுத்திரம்
21.4.1999

தங்கை அனுராதாவுக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதத்தை மதினி கண்ணில் படுமுன் அடுப்பில் போட்டேன். சுகிர்தாவைப் பெண் பார்க்க வண்ணார்பேட்டையிலிருந்து வருகிறார்கள். இரத்தத்தில் கோளாறுள்ள வீடு என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும். நீயும் கல்யாணம் ஆகவேண்டியவள்.

நீ சொல்வது சரியாகவே இருக்கட்டும். பழி சித்தி மேல் கிடந்தால் அவளோடு போய்விடும். அப்பாவுக்கு இரண்டாந்தாரமாக வந்தவள், பிள்ளைகுட்டி இல்லாதவள். நம் மேல் விழுந்தால் என் மகள் அல்லவா சுமக்கவேண்டும்? அப்பாத்துரை மாமாவிடம் கேட்டேன். “அடங்கிக் கெடக்கத ஏம்லே அவ கிண்டுதா?” என்றார்.

எனக்கும் கொஞ்ச நாளாக நெஞ்சில் வலி. டாக்டர் அப்பாவுக்குக் கொடுத்த அதே மாத்திரையைக் கொடுத்திருக்கிறார். கவலைப்படாதே, தவறாமல் போடுகிறேன்.

உன் அண்ணன்
கோமதிசங்கர்

ஆழ்வார்குறிச்சி
9.5.1999

அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கைகழுவினேன். தினமும் இரத்தத்தைத் தொடுகிறவள். அது நாறியதில்லை.

சித்தி வீட்டிலிருந்து எழுதுகிறேன். புண் ஆறிவிட்டது. அந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடக்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன். புளியைக் கரைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “அப்போ நான் குடுத்ததெல்லாம் சும்மாவா போச்சு?”

அவள் கையிலிருந்த புளியை வாங்கி நான் கரைத்தேன்.

அன்று கோவிலுக்கு வந்த அத்தனை பேருக்கும் எழுதிவிட்டேன். சித்தி மாத்திரை கொடுத்தாள், அது அப்பாவுக்குக் கேட்காமல் போயிருக்கலாம், என் இரத்தம் அப்படித்தான் இருக்கிறது என்று. சுகிர்தா பெயரை இழுக்கவில்லை. என் கல்யாணம் நின்றால் நிற்கட்டும்.

உன் டாக்டருக்கும் எழுதியிருக்கிறேன். மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே. அதை மட்டும் நம்பியும் இருக்காதே. சோதித்துப் பார். வேறு மருந்து இருக்கிறது.

இனி உனக்கு எழுத மாட்டேன்.

சித்தி ஒன்று கேட்கச் சொன்னாள். எழுத மனமில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்: “சங்கரு சாப்ட்டுட்டுத்தான் மாத்திர போடுதானா? வெறும் வயித்துல போட்டா எரியும்லா.”

பதில் போடுவதானால் அவளுக்குப் போடு.

அனுராதா