மார்ச் பதினான்கு வரை

ஜூலை 18, 2006

வெண்டலுக்கு,

நான் நலம். நீயும் பசுக்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஃபோனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டையாகிவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

இங்கே சமுதாயக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. எக்ஸ்ரே எடுக்கும் படிப்பு, இரண்டு வருடம். இருபத்து நான்கு பேரைத்தான் எடுக்கிறார்கள், நான் பத்தொன்பதாவது. முதலில் ஒரு கணக்குப் பரீட்சை வைத்தார்கள். பின்னம் எல்லாம் மறந்திருக்கும் என்று பயந்தேன். இருபத்திரண்டு வருடம் மாட்டுத் தீவனம் கலந்தவளுக்குப் பின்னம் மறக்குமா?

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாவட்டத்தில் ஆறு மாதம் குடியிருந்தவர்களுக்குப் பருவத்துக்கு ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது டாலர். மற்றவர்களுக்கு இரட்டிப்பு. வகுப்பு தொடங்கும்போது எனக்கு ஐந்தரை மாதம்தான் ஆகியிருக்கும். அதற்கு முன் உங்கள் மாவட்டத்தில் இருந்தேன் என்று அங்கிருந்து ஒரு சான்று வந்தால் போதும், மீதிப் பணத்தை அந்த மாவட்டமே கட்டிவிடும். ஆனால் அதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். மின்கட்டணம் உன் பெயரில், நிலம் உன் பெயரில், பால் பணம் உன் பெயரில். வரிக் கணக்கில் நானும் இருக்கிறேன், ஆனால் எந்த மாதம் வரை அந்த வீட்டில் இருந்தேன் என்று அதில் இல்லை. ஆகவே வீட்டுக்குச் சொந்தக்காரன் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். படிவம் இதோடு இருக்கிறது. ஆகஸ்ட் 25 கடைசி நாள்.

மூவாயிரத்து நூறு என்னிடம் இல்லை. ரொட்டிக்கடையில் மணிக்கு எட்டு டாலர் தருகிறார்கள். இந்தப் பருவம் விட்டால் அடுத்த இலையுதிர் காலம்வரை இடம் கிடையாது.

ஆர்டித்


ஆகஸ்ட் 4

ஆர்டித்,

படிவம் வந்தது. மழையால் இரண்டாம் வெட்டுப் புல் இன்னும் வயலிலேயே கிடக்கிறது. முப்பத்தொன்றாம் எண் பசு கிடாரிக் கன்று போட்டது.

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். நம் ஊர் அலுவலகத்துக்குப் போகவில்லை. பக்கத்து ஊர் வங்கியில் இருக்கும் நோட்டரியிடம் முத்திரை வாங்கினேன். ‘தற்போது வசிக்கும் இடம்’ என்ற கட்டத்தில் நம் வீட்டு விலாசத்தையே எழுதினேன். அங்கே நீ ஓர் அறை எடுத்திருக்கிறாய், அவ்வளவுதான். வீடு இதுதான்.

சபையில் கேட்டவர்களிடம், உன் அக்காள் கார்லீனுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை, நீ கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறாய் என்று சொல்லியிருக்கிறேன். யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல்.

வெண்டல்


ஆகஸ்ட் 12

வெண்டலுக்கு,

படிவம் செல்லாது என்று திருப்பிவிட்டார்கள்.

கட்டணம் கட்டும் ஜன்னலில் இருந்த பெண் உன் காகிதத்தையும் என் வாடகைக் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். “இங்க குடியிருக்கீங்களா, அங்க குடியிருக்கீங்களா? ரெண்டு எடத்துலயும் எப்படிங்க இருப்பீங்க?” என்றாள். எனக்குப் பின்னால் வரிசையில் பதினைந்து பேர், எல்லாம் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். புதுப் படிவம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு வரிசையை விட்டு நகர்ந்தேன்.

கார்லீன் போன வாரம் நடனப் போட்டியில் கோப்பை வாங்கினாள். ஒரு சபையே அவள் இடுப்புக்காக ஐந்து மாதமாக ஜெபிக்கிறது என்று சொன்னேன். “அதான் நல்லா சுழண்டுச்சு போல” என்கிறாள்.

நான் ஏன் வந்தேன் என்று உனக்குத் தெரியும். அன்று இரவுச் சாப்பாட்டின்போது கல்லூரி விண்ணப்பத்தை மேசையில் வைத்தேன். “எலும்பப் படம் புடிக்கப் போறவளப் பாரு, இவ எலும்பே தேஞ்சு போச்சு” என்று உன் தம்பி ராயிடம் சொல்லிச் சிரித்தாய். அவனும் சிரித்தான். நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். அது இன்னும் எனக்கு வலிக்கிறது.

அந்தப் புதுப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். ‘மார்ச் 14 வரை இங்கே வசித்தாள், அதன்பின் வசிக்கவில்லை’ என்று நீ எழுதி, முத்திரை வாங்கி, உங்கள் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். இந்த முறை உங்கள் ஊர் எழுத்தரின் முத்திரைதான் வேண்டுமாம். அதாவது நெட்டி. நெட்டிக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி என்பது எனக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

ஆர்டித்


ஆகஸ்ட் 23

ஆர்டித்,

போன வியாழக்கிழமை அலுவலக வாசல்வரை போய், வண்டியை விட்டு இறங்காமல் திரும்பிவிட்டேன். நேற்று இறங்கினேன்.

நெட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

“அப்ப கார்லீன் இடுப்பு?”

“அதுக்கு ஒண்ணும் இல்ல. ஆர்டித் என்னைய விட்டுப் போயிட்டா. அவ படிக்கணும்னு சொன்னா, நான் சிரிச்சேன். அதான்.”

நாய்க்கு உரிமம் புதுப்பிக்க வந்த ராய் எனக்குப் பின்னால் நின்றிருந்தான். “நானுந்தான் சிரிச்சேன்” என்று நெட்டியிடம் சொன்னான். அவள் ஒன்றும் பேசாமல் முத்திரை குத்தினாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

இருபத்திரண்டு வருடம் நீ இந்த வீட்டில் உழைத்ததற்கு என் கையெழுத்தை விட்டால் வேறு சாட்சி இல்லை. அந்தப் படிவத்தை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

மாவட்ட அலுவலகம் இன்று காலையே சான்று கொடுத்துவிட்டது. தபாலை நம்பவில்லை, நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். உங்கள் கல்லூரியில் வண்டி நிறுத்த இடம் கிடைக்க அரை மணி ஆகிறது, வகுப்புக்குச் சீக்கிரமே கிளம்பு. சான்றை ஜன்னலில் கொடுத்தேன், இந்தக் கடிதத்தையும் அங்கேயே விட்டுப் போகிறேன். மாலைக் கறவைக்குத் திரும்ப வேண்டும்.

வெண்டல்


செப்டம்பர் 10

அன்புள்ள வெண்டல்,

சான்றை ஏற்றுக்கொண்டார்கள். ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பதில் பாதி கட்டினேன், மீதியைத் தவணையில் கட்டலாமாம். எலும்புகளைப் பற்றிய புத்தகம் பழையதே நூற்று நாற்பது டாலர். முன்னால் வைத்திருந்தவர் ஒவ்வொரு வரியிலும் மஞ்சள் மை தீட்டியிருக்கிறார், எதுதான் முக்கியமில்லை என்று தெரியவில்லை. பிள்ளைகள் என்னை ‘மேடம்’ என்கிறார்கள். லாரி ஓட்டிவிட்டு வந்த ஐம்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார், அவரும் ‘மேடம்’ என்கிறார். முதல் தேர்வில் எண்பத்தெட்டு வாங்கினேன்.

செப்டம்பர் பதினான்கோடு இங்கே எனக்கு ஆறு மாதம். அடுத்த பருவத்துக்கு உன் கையெழுத்து வேண்டியதில்லை. திரும்பி வருவேன் என்று எழுத மாட்டேன், அது பொய்யாகப் போகலாம். வர மாட்டேன் என்றும் இன்று எழுதத் தோன்றவில்லை. நீ அதைக் கேட்காமல் போனது எனக்கு நிம்மதியாக இருந்தது.

உன்னிடம் எதையும் கேட்காமல் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. வெள்ளிக்கிழமைகளில் எனக்கு வகுப்பு கிடையாது. சலவைக்கடைக்குப் பக்கத்துப் படியில் ஏறினால் என் அறை. ஜன்னலில் கொடுத்துவிட்டு ஓடாமல் ஒரு நாள் மேலே வா. கறவைக்கு நேரமாகிறது என்று சாக்குச் சொல்லாதே, நானும் கறந்தவள்தான்.

ஆர்டித்