ஹார்பர் ஃபைவின் ஐந்தாவது ஆள்

20 ஆகஸ்ட் 1972, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். மாதா கோயில் பூசை முடிந்து வந்து துணி துவைத்தேன். அப்பா கிரேன் ஓட்டப் போயாயிற்று. வீட்டில் நானும் ரேடியோவும்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதி வைக்கிறேன். நம் பக்கத்தில் காது கொடுத்துக் கேட்க வேண்டியவர்கள்:

ஹார்பர் ஃபைவ். ராயபுரம் பையன்கள். மூன்று கிடார், ஒரு டிரம். கோயில் ஹாலில் பயிற்சி. சினிமாப் பாட்டைக் காப்பி அடிப்பதில்லை, சொந்தமாகத் தமிழில் கட்டுகிறார்கள். சந்தேகமில்லாமல் முதலிடம்.

ரயில்வே குவார்ட்டர்ஸ் ஆங்கிலோ இந்திய அண்ணன் தம்பிகள். டான்ஸுக்கு வாசிப்பார்கள். டிரம்பெட் அருமை. பாட்டெல்லாம் இரவல்.

புளியந்தோப்பு கானா செட். புல்புல்தாரா, டோலக், கவிழ்த்துப் போட்ட அலுமினியப் பானை. சாவு வீட்டில்தான் பாடுவார்கள். வியாசர்பாடி சித்தி வீட்டுக்குப் போனபோது இரண்டு முறை கேட்டேன். அந்த ஆள் இழுத்த இழுப்பில் முதுகு சிலிர்த்தது. அம்மாவுக்குத் தெரிந்தால் அடிதான்.

திருவொற்றியூர் மெல்லிசைக் குழு. அக்கார்டியன்காரருக்காக மட்டும்.

ஹார்பர் ஃபைவில் இப்போது ஆள் நாலு. பாடியவன் கப்பலில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

22, செவ்வாய்

ரயிலில் கூட்டம், கண்ணில் கரித்தூள். திருவொற்றியூர் ஆபீசில் நாள் முழுக்க டைப். விரல் வலி.

சாயங்காலம் மெர்சியை ஹாலுக்குக் கூட்டிப்போனேன். தப்பு செய்தேன். எதிர் வீடு, ஒன்றாகப் படித்தோம். பேஸ் கிடாருக்கும் மற்றதற்கும் வித்தியாசம் தெரியாது அவளுக்கு. ஜன்னலுக்கு வெளியே நின்றோம். இரண்டு வருஷமாக அதே ஜன்னலில் நிற்கிறேன், ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. மெர்சி கூடவே முணுமுணுத்தாள், அரிசி களைகிற மாதிரி, கவனமே இல்லாமல். உள்ளே கிடார் நின்றது. வில்சன் ஜன்னலுக்கு வந்தான். லீட் கிடார் அவன்தான், பகலில் ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர்.

"யாரு பாடினது?"

மெர்சி என் பின்னால் ஒளிந்தாள். அவன் என்னைத் தாண்டி அவளைப் பார்த்தான்.

அவள் குரல் நன்றாக இருக்கிறது. எழுதக் கை வரவில்லை. நன்றாக இருக்கிறது.

24, வியாழன்

கல்மண்டபம் மார்க்கெட்டில் வில்சன் என்னைப் பிடித்தான். எட்டாம் தேதி மாதா திருநாளுக்கு வாசிக்கிறார்களாம். புதுப் பாட்டாம், அதை மெர்சி பாட வேண்டுமாம். சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஹாலுக்கு வரச்சொல்லச் சொன்னான். நேரே போனால் அவள் அப்பா துரத்துவார் என்று பயம். பாட்டு எழுதிய தாளையும் கொடுத்தான்.

சொல்கிறேன் என்றேன்.

மெர்சி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஏன் முகம் வாடியிருக்கிறது என்றாள். தலைவலி என்று உள்ளே வந்துவிட்டேன். தாள் இந்த டைரிக்குள்.

26, சனி

தூறல். ஐந்து மணிக்கு நானே போனேன். மெர்சியின் அப்பா விடமாட்டேன் என்றுவிட்டார் என்றேன். பொய் சுலபமாக வந்தது. ஜன்னலில் நின்று கேட்டுப் பாட்டு எனக்கு மனப்பாடம், வேண்டுமானால் நான் பாடிப் பார்க்கிறேன் என்றும் சொன்னேன். வில்சன் மைக்கைச் சரிசெய்து கொடுத்தான்.

இரண்டாவது வரியில் சுருதி கீழே போனது. மற்றவர்களுக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரிந்தது. அடுத்தவர் பாட்டில் மயிரிழை பிசகினாலும் பிடிக்கிற காது, என்னை மட்டும் விடுமா. நிறுத்தத் தைரியம் இல்லாமல் கடைசிவரை பாடினேன்.

"பாட்டு மொத்தமும் மன்சுல வெச்சினுகீற, ரோசி. பெரிய விஷயம்" என்றான் வில்சன்.

அவ்வளவுதான். டிரம் அடிப்பவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

27, ஞாயிறு

பூசையில் மெர்சி எனக்கு இரண்டு வரிசை முன்னால். கோயிலே பாடியது. அவள் குரலை மட்டும் தனியே பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பொய்யை மனசில் வைத்துக்கொண்டு நற்கருணை வாங்கப் போகவில்லை. ஏன் என்று அம்மா. வயிறு சரியில்லை என்று நான்.

29, செவ்வாய்

மெர்சியிடம் சொல்லிவிட்டேன். அவள் வீட்டு மொட்டைமாடியில், துணி எடுக்கும்போது. தாளையும் கொடுத்தேன். நிறைய நேரம் அதையே படித்தாள்.

"அஞ்சு நாளா மூஞ்ச திருப்பிகினு போனியே, இதானா?"

"ஆமா."

"நீ போயி பாடினியா?"

"பாடினேன்."

"எப்டி இருந்துச்சு?"

"கலீஜ்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவள் அப்பா நிஜமாகவே விடமாட்டார், நீ பொய் சொன்னதே தண்டம் என்றாள். துணியை அள்ளிக்கொண்டு இறங்கிவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

30, புதன்

அவள் அப்பாவைப் பார்க்கப் போனேன். ஹார்பரில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். கோயில் காரியம், பங்குச் சாமியார் இருப்பார், ஏழு மணிக்குள் பயிற்சி முடிந்துவிடும் என்றேன். மைக் முன்னால் நின்ற பெண்ணை யார் கட்டுவான் என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன்.

"மாமா, இங்கேர்ந்து எண்ணூர் வரைக்கும் நான் கேக்காத பாட்டு கெடையாது. மெர்சி மாதிரி யாரும் பாடல."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்.

"தெனம் நீயும் கூடப் போயி குந்திகினு இருக்கணும். உன்ன நம்பித்தான் வுடறேன். நீ நல்ல பொண்ணு."

2 செப்டம்பர், சனி

ஹாலுக்குள் எனக்கு நாற்காலி. இரண்டு வருஷம் வெளியே நின்றவளுக்கு, மெர்சிக்குத் துணை என்பதால் நாற்காலி. மெர்சி மூன்றே தடவையில் பாட்டைப் பிடித்துவிட்டாள். அப்பா மனசு மாறிவிட்டார் என்று வில்சனிடம் சொன்னாள். என் பொய்யை உடைக்கவில்லை. அதற்கும் அவள் மேல் எரிச்சல்.

பேஸ் வாசிப்பவன் அவசரப்படுகிறான் என்றேன். வில்சன் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டான். ஆமாம் என்றான்.

8, வெள்ளி

திருநாள். தெருமுனை வரை கூட்டம். மெர்சி மஞ்சள் புடவை. நான் மேடைக்கு வலப்பக்கம், முதல் வரிசை. அவள் ஆரம்பித்ததும் பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது. ஐஸ் வண்டிக்காரர் மணியைக் கையால் பொத்திக்கொண்டார்.

இரண்டாம் சரணத்துக்கு முன் நின்றுவிட்டாள். வரி மறந்துவிட்டது. கிடார் சுற்றிக்கொண்டு அதே இடத்துக்கு வந்தது. மெர்சி கூட்டத்தில் தேடி என்னைப் பார்த்தாள். நான் வாயசைத்தால் போதும்.

ஒரு சுற்று சும்மா இருந்தேன். தெரிந்தேதான் இருந்தேன். அவள் முகம் வெளுப்பதைப் பார்த்தேன், எனக்குப் பிடித்திருந்தது. இரண்டாவது சுற்றில் வாயசைத்தேன். பிடித்துக்கொண்டாள். பிறகு பாடியது, நான் இந்த ஊரில் கேட்டதிலேயே நல்ல பாட்டு.

இறங்கி வந்து என் கையைப் பிடித்தாள். உள்ளங்கை ஈரம்.

"மொதோ ரவுண்டுலயே உனக்கு வரி தெரியும்ல?"

தெரியும் என்றேன். கையை விடவில்லை அவள்.

9, சனி

அரை நாள் ஆபீஸ். நாளை எண்ணூரில் வாசிக்கிறார்களாம். மெர்சி கூப்பிட்டாள். போவதில்லை என்று முடிவு. எந்தப் புடவை கட்டுவது என்றுதான் தெரியவில்லை.