திருத்தம் ஏறாத கணக்கு

1986 ஜூன் 9, திங்கள்
சோளகக் காற்று. நீர்ப்பாசனக் கந்தோர் மேசையெல்லாம் புழுதி. கொம்பியூட்டருக்குப் போர்வை உண்டு, எனக்கு இருமல்தான்.

குளத்தில் தண்ணீர் குறைவு. மேல் வயல்களுக்கு நேரத்தைக் குறைத்து, முரசுமோட்டைக் கடைசி வயல்களுக்குக் கூட்ட வேண்டும். தண்ணீர் முறை போடும் புரோகிராமில் முதலாவதைப் போன வாரமே திருத்தினேன், இரண்டாவதை இன்று. மேலே குறைத்தது விடையில் தெரிகிறது. கீழே கூட்டியது தெரியவில்லை. மூன்று தரம் ஓட்டியும் பழைய விடையே. சனியன்.

நேசன் இருந்தால் பத்து நிமிடத்தில் பிடித்திருப்பான். எழுதியவன் அவன். வவுனியா பஸ்ஸை இராணுவம் மறித்து, அவனை இறக்கிக்கொண்டு போய் மூன்று மாதம். ஒரு செய்தியும் இல்லை.

ஜூன் 10
முரசுமோட்டையிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். "தம்பி, நெல்லு கதிர் வெளிவராமக் குடலையில நிக்குது. இந்த முறையும் தண்ணி வராட்டிக் கதிர் மணியில்லாமச் சப்பியாத்தான் வரும்." வெள்ளிக்கிழமை தண்ணீர் முறைப்பட்டியல் தருவதாகச் சொன்னேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

தேங்காய், மண்ணெண்ணெய், இருமல் மருந்து.

ஜூன் 11
தட்டெழுத்து யோகம் அக்கா: "வெள்ளிக்கிழமை திருத்தினாத் தானே உந்தக் கொம்பியூட்டர் கேக்கும். விரதம் பிடிக்குதாக்கும்." சிரித்தேன். பிறகு யோசித்தேன். உண்மைதான். மேலே குறைத்ததும் ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளியில் கந்தோர் கழுவி, சாமிப்படத்துக்குப் பூ வைத்து, நான் டிஸ்க்கில் பழைய அறிக்கைகளை அழிப்பேன்!

ஜூன் 12
பிடித்துவிட்டேன். கரண்ட் போவதற்குள் வேலை முடியட்டும் என்று, எழுதியதை இயந்திர பாஷைக்கு மாற்றும் கொம்பைலையும் ஓட்டுவதையும் நேசன் ஒரே கட்டளையில் கோத்து வைத்தான். டிஸ்க்கில் இடமில்லாவிட்டால் கொம்பைல் தோற்கும். ஆனால் நிற்காது. பிழைச் செய்தி மேலே ஓடி மறையும், பழைய புரோகிராமே விடை சொல்லும். நானும் அதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அறிக்கைகள் எல்லாம் அழித்தேன். திருத்தித் திருத்திப் புரோகிராம் பெருத்துவிட்டது, இன்னும் இடம் போதாது. புது டிஸ்க் கேட்டுக் கொழும்புக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. அழிக்க மிச்சம் ஒன்றுதான். நேசன் தன் மனைவி ராணிக்குச் செய்தது. திரை முழுக்கக் கோலம் விரியும், நடுவில் ஆங்கில எழுத்தில் "வாரும் ராணி". வேறு பிரதி இல்லை. வெள்ளி தோறும் செய்தி கேட்டு வரும் பெண், அதைப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

கை வரவில்லை. அழுதேன்.

ஜூன் 13, வெள்ளி
காற்று இல்லை. ராணி ஒன்பது மணிக்கு முன்பே வந்துவிட்டாள்.

"ஏதும் கதை வந்ததோ அண்ணை?"

"இல்லைத் தங்கச்சி."

கோலத்தைப் போட்டேன். பிறகு மறைக்காமல் சொன்னேன். தண்ணீர், வயல், இடம், எல்லாம்.

"அழிச்சாப் பிறகு எடுக்கேலாதோ?"

"ஏலாது."

சேலைத் தலைப்பை முறுக்கினாள். "அவர் வந்து திரும்பச் செய்வார்தானே. எந்தக் கட்டை அண்ணை அமத்திறது?"

கீபோர்டில் காட்டினேன். அவளே அமத்தினாள்.

கொம்பைல் ஆனது. இரண்டு தரம் ஓட்டினேன், இரண்டிலும் புது விடை. கடைசி வயல்களுக்குத் தண்ணீர் உண்டு. யோகம் அக்கா பட்டியலை வாங்கிக்கொண்டு ஓடினார்.

ராணி எழும்பினாள். கதவடியில் திரும்பி, கணக்கு மட்டும் நின்ற திரையைப் பார்த்து, நேசனிடமே சொல்வதுபோல், "வாறனப்பா" என்றாள்.