சயானில் ஒரு பை கல்

வியாழன் இரவு.

ஆராய்ச்சிக்காக அம்பர்நாத்தில் உடைத்தெடுத்த எரிமலைக் கற்களோடு சயான் ஸ்டேஷனில் இறங்கினேன். நேற்று எங்கள் பக்கம் கல்லெறிச் சண்டை நடந்தது நினைவிலேயே இல்லை. வாசலில் நின்ற போலீஸ் ஹவல்தார் பையைத் திறந்து பார்த்தார். அப்புறம் என்னை விடவில்லை.

அங்கே இட்லி விற்கும் எங்கள் தெரு மாரியக்கா ஓடிவந்து இந்தியில் மன்றாடினார். பம்பாய் முழுக்க ஒரு காலத்தில் தீக்குழம்பாக ஓடியதாம், இந்தப் பிள்ளை அதைத்தான் படிக்கிறதாம். ஹவல்தார் சிரித்துவிட்டுப் பையைத் தந்தார். மாரியக்கா நன்றாக இருக்க வேண்டும்.

"இதெல்லாம் ஒங்களுக்கு யாரு சொன்னா, அக்கா?"

"ஒங்கப்பாதாம்ட்டி. இட்லி வாங்க வந்தா தெனம் இந்தக் கததான்."

வீட்டில் அப்பா என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ராத்திரி சாப்பிடும்போது, பாறை உருகி மேலே வந்த கதையை அம்மாவிடம் வேண்டுமென்றே உரக்கச் சொன்னேன். டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பா சத்தத்தைக் குறைத்தார்.