வாசலில் கூப்பிட்ட பெயர்

சாலைக்கடை, திருவனந்தபுரம்
கொல்லம் 1110 ஐப்பசி 9

பேட்டையிலேயே தான்தான் அழகன் என்று நம்பிக்கொண்டிருக்கும் மச்சினன் திரவியத்துக்கு, அத்தான் நெல்லையப்பன் எழுதுவது. அத்தை, குழந்தைகள் சுகத்துக்கு முருகன் துணை. உன் மீசை சுகத்துக்கு நாவிதன் துணை.

உன் அக்காள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பதறாமல் வாசி.

நான் கருப்பட்டி மூட்டையோடு வித்துரா சந்தைக்குப் போயிருந்தபோது அவளுக்குக் கடுமையான வயிற்றுவலி. அடுத்த வீட்டுப் பாருக்குட்டி வண்டி பிடித்து தர்மாஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். மகராசி. சேதி கேட்டு ஓடினேன். பெண்கள் கட்டுக்குள் ஆண்பிள்ளையை விடமாட்டார்கள், உள்ளிருந்து பெயர் கூப்பிட்டால்தான் போகலாம். வாசல் சேவகனிடம் அரைகுறை மலையாளத்தில் கெஞ்சினேன். பேரு விளிக்கும்போள் வந்தால் மதி, பாண்டி என்று தள்ளிவிட்டான். கூப்பிடும்போது வந்தால் போதுமாம்; நம் சீமைக்காரன் எல்லாம் இவர்களுக்குப் பாண்டி.

மரத்தடியில் நின்றேன். என் பெயர் வரவில்லை. பத்மநாபன், பத்மநாபன் என்றுதான் ஓயாமல் கூப்பிட்டான். ஒருத்தனும் போகவில்லை. அவன் பெண்ஜாதிக்கு வயிற்றைக் கிழிக்க வேண்டுமாம், புருஷன் கையெழுத்துப் போடாமல் டாக்டர் தொடமாட்டாராம். கூட நின்றவர்கள் சொன்னார்கள். என் வாய் சும்மா இருக்குமா? இந்தப் பத்மநாபன் எந்தக் கள்ளுக்கடையில் கவிழ்ந்து கிடக்கிறானோ என்று சொல்லி மரத்தடி முழுவதையும் சிரிக்க வைத்தேன்.

மறுநாளும் அதே பெயர். சேவகனிடமே போய், அந்த மகாராஜனின் பெண்ஜாதி யாரென்று சொல்லும், அவனை நானே காதைப் பிடித்து இழுத்து வருகிறேன் என்றேன்.

“முத்தாரம்மா. நின்றெ நாட்டுக்காரி தன்னே” என்றான். என் ஊர்க்காரிதானாம். உன் அக்காளேதான், தம்பி.

நடந்தது இதுதான். குமஸ்தா உன் அக்காளிடம் புருஷன் பெயர் கேட்டிருக்கிறார். அவள் வாயால் சொல்வாளா? நம் ஊர் என்றால் பக்கத்தில் நிற்கிறவள் சொல்லிவிடுவாள். பாருக்குட்டிக்கு நான் வெறும் பாண்டிக்காரன், பெயர் தெரியாது. உன் அக்காள் வலியோடு வலியாக, பெரிய கோயில் சாமி பேரு என்றாளாம். அவள் நினைத்தது திருநெல்வேலிக் கோயில் நெல்லையப்பரை. அவர் இந்த ஊர்ப் பெரிய கோயிலை நினைத்துப் பத்மநாபன் என்று எழுதிக்கொண்டார்.

கையெழுத்துப் போடப் போனால், நீ நெல்லையப்பன்தானே, புருஷன் பத்மநாபன் எங்கே என்கிறார் குமஸ்தா. அந்நிய சீமைக்காரன் எனக்கு இங்கே யார் சாட்சி? பாருக்குட்டி வந்து, இவன்தான் அவன் என்று அடித்துச் சொன்ன பிறகே விட்டார்கள். கிழித்துப் பார்த்தால் உள்ளே கட்டி உடைந்திருந்ததாம். முந்தின நாள் என்றால் கதை வேறு என்றார் டாக்டர். அவர் பேரில் தப்பில்லை. விசாரித்துப் பார்த்தேன், யார் பேரிலும் தப்பில்லையாம்.

கண் விழித்ததும் உன் அக்காள் சொன்னது: “கடைசி வரைக்கும் உங்க பேரைச் சொல்லலையே நான்.”

என்ன பெருமை அவளுக்கு! ஆமாம், சொல்லியிருந்தால் என் ஆயுசல்லவா குறைந்திருக்கும் என்று கேலி பண்ணினேன். சிரித்தாள். அதற்குப் பிறகு பேச்சில்லை. காய்ச்சல் இறங்கவில்லை.

தபால் கண்டதும் ரயிலேறித் தம்பானூரில் இறங்கு. வரும்போது பிறந்த வீட்டுக் கோடிச் சேலையாக ஒன்று, சிவப்பில், எடுத்து வா. அத்தை கேட்டால் தீபாவளிக்கு என்று சொல். நீயும் அப்படியே நினைத்துக்கொண்டு வா, தம்பி. உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும் அத்தான்,
நெல்லையப்பன்