சலவைக்கூடத்துச் சராசரி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

கல்யாணத்தோடு நின்றுபோன பட்டப்படிப்பை இருபது வருஷம் கழித்து முடிக்கச் சேர்ந்தேன் அல்லவா, அங்கே நேற்று ஒரு கூத்து. புள்ளியியல் தலையில் ஏறவேயில்லை என்று, படிப்பை விட்டுவிடுவதாக எழுதியே கொண்டுபோயிருந்தேன். கோபப்படாதீர்கள், முழுக்கப் படியுங்கள்.

"சராசரி நம்மள எப்போ ஏமாத்தும்?" என்று ஆசிரியை கேட்டார். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்க ஓட்டல் சலவைக்கூடத்துல ஒரு நாளைக்கு சராசரியா நூறு விரிப்புதானேன்னு மேனேஜர் சொல்வாருங்க. ஆனா ஞாயித்துக்கிழமை முந்நூறு மடிப்பேன், புதன்கிழமை சும்மா உக்காந்திருப்பேன். இடுப்பு வலிக்கு சராசரி தெரியுமாங்க?"

வகுப்பே சிரித்தது. ஆசிரியை சாக்பீஸை என்னிடம் நீட்டி, "அதையே பலகையில போட்டுக் காட்டுங்க" என்றார். எழுந்து போய்ப் போட்டேன். போடப் போட, ஒரு மாதமாகப் புரியாத பாடம் எனக்கே புரிந்துவிட்டது அப்பா! விலகுவதாக எழுதிக் கொண்டுபோன கடிதத்தை அங்கேயே கிழித்துப் போட்டேன்.

என் பழைய மதிப்பெண் பட்டியல் பீரோவில் துணிகளுக்கு அடியில் இருக்கும், நகல் அனுப்புங்கள். தேறிய பாடங்களை மறுபடி எழுத வேண்டாமாம். அப்புறம், போனைச் சட்டென்று வைத்துவிடாதீர்கள். பேச விஷயம் இல்லையென்றால் செய்தித்தாளையாவது படித்துக் காட்டுங்கள், கேட்டுக்கொண்டிருப்பேன்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் பெரியவள்,
நாற்பது வயதுக் கல்லூரி மாணவி